அணை கடந்த நீரும் அணை கடவாத மீனும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டு விழாவிலே ஆற்று மீனைப்பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்தபோது நம் செயலாளர் சற்றுத் தயங்கினார். மரக்கறி உணவினர் பலர் கூடும் சபையிலே மீன் விஷயம் எடுபடுமா என்பது அவருடைய கவலை. மீனை எப்படி ஆக்குவது என்பதன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். அது எப்படி வாழ்கிறது, வாழ்ந்த இடத்திலேயே ஏன் வாழமாட்டாமற் போகிறது என்பதே பொருள். ஆகையால் மரக்கறிக்காரர் அச்சமின்றி அமர்ந்திருக்கலாம். உண்மையைச் சொன்னால், மீனை உண்ணாதவரே இவ்விஷயத்தை நடுநிலையோடு கேட்கத்தக்கவர்.

மட்டக்களப்புக்கு இரயிலிற் செல்வோர் யாவரும் மன்னம்பிட்டிப் பாலத்தை அறிவர். இரயிலும் மோட்டார் வண்டியும் ஒரே பாலத்தை மாறிமாறிப் பயன்படுத்திய காலத்தில், இப்புறத்தே காத்து நின்றபடி கீழே ஓடும் மகாவலியை நெடுநேரம் பார்த்திருக்க நமக்கு வாய்த்ததுண்டு. பார்த்தபோதெல்லாம் நம் வாயில் வந்த கேள்வி ஒன்றே: இம்முறை ஆற்றில் நீர் எவ்வளவு? மாரியிலே கரை தொட்டு ஓடினால் நல்ல நீர் என்போம். ஆவணியிலே மணல் தெரிந்தால் நீரில்லை என்போம். அதற்கப்பால் ஆற்றிடம் கேட்கவேண்டிய கேள்வி வேறு உண்டென்று அந்நாளில் நாம் எண்ணியதில்லை. வயலுக்கு நீர் பகிர்வோரும் மின்சாரம் ஆக்குவோரும் இன்றும் பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியையே கேட்கின்றனர்.

மீனுக்கோ நீரின் அளவு மாத்திரம் போதாது. நீர் எந்த மாதத்தில் வருகிறது, எவ்வளவு வேகத்தோடு வருகிறது, குளிர்ந்து வருகிறதா வெதுவெதுப்பாக வருகிறதா, மேலும் கீழும் போய்வர வழி விட்டிருக்கிறதா, கரைக்கு அப்பாலுள்ள தாழ்நிலத்தில் ஏறி நிற்கிறதா என்பனவெல்லாம் சேர்ந்ததே அதற்கு ஆறு. அணையொன்று எழும்போது நீர் எஞ்சியிருந்தும் இவை மாறிவிடுகின்றன. அணைக்கு மேலே நிற்பது குளம்; கீழே ஓடுவது வாய்க்கால். இரண்டிலும் நீர் உண்டு, ஆறு இல்லை.

அணைக்கு எதிராகப் பேச வந்தோம் என்று எவரும் கொள்ளவேண்டாம். குளத்து நீரில் விளைந்த நெல்லை உண்டு வளர்ந்தவர்கள் நாம். மின்விளக்கின் கீழிருந்து படித்துவிட்டு மின்சாரத்தைப் பழிப்பது நன்றிகெட்ட செயல். ஆயினும் பழைய அணைக்கும் புதிய அணைக்கும் உள்ள வேறுபாட்டை ஓர்ந்து பார்க்கவேண்டும். மினிப்பே, எலகெர முதலிய இடங்களிலே பண்டைக்காலத்தார் ஆற்றுக்குக் குறுக்கே இட்டவை தாழ்ந்த கல்லணைகள். நீரின் ஒரு பகுதியைக் கால்வாய்க்குத் திருப்பினார்கள். பெருவெள்ளம் அணையின்மேலாகப் பாய்ந்து ஓடியது. அந்நாட்களில் மீனுக்கும் பெருந்தடை இராது. இருபதாம் நூற்றாண்டிற் கட்டியவை அத்தகையன அல்ல. மகாவலி அபிவிருத்திக்கு 1968 இல் முப்பதாண்டுத் திட்டமொன்று வகுக்கப்பட்டது; 1977 இல் அதனைச் சில ஆண்டுகளுக்குள் முடித்துவிடுவதெனத் தீர்மானித்தார்கள். பொல்கொல்லை அணை 1976 இல், விக்டோரியாவும் கொத்மலையும் 1985 இல், ரந்தெனிகல 1986 இல், ரந்தம்பே 1990 இல் என ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. விக்டோரியா அணையின் உயரம் மாத்திரம் 122 மீற்றர். அந்த நெட்டுச் சுவரில் ஏறவல்ல மீன் உலகில் இல்லை.

அங்கே என்ன மீன் இருந்தது என்று கேட்பீர்கள். இலங்கையின் நன்னீரிலே ஏறக்குறைய நூறு வகைச் சுதேச மீன்கள் உள்ளன. அவற்றிற் பாதிக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றுள் ஒன்று கண்டிப் பகுதியில் மகாவலியின் மேற்பாகத்துக்கே உரிய பச்சைநிறப் பெருங்கெண்டை. 1917 இல் அமெரிக்க மீனியலாளர் இருவர் இதனை விவரித்து லேபியோ பிஷரி என்று பெயரிட்டார்கள். பாறைகளுக்கிடையே சுழித்தோடும் ஆழநீரில் வாழ்ந்து, பாறைமேற் படரும் பாசியைச் சுரண்டித் தின்பது இதன் இயல்பு. வேகமான நீர் கழுவுவதால்தான் பாறை சுத்தமாயிருக்கும். வெளிச்சம் எட்டுவதால்தான் பாசி வளரும். பாறை நாற்பது ஐம்பது மீற்றர் ஆழத்தில் மூழ்கிச் சேறு படிந்துவிட்டால் அந்த மீனுக்கு உண்ண ஒன்றுமில்லை. பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்துள் மறைந்ததை நாம் எல்லோரும் அறிவோம். அங்கு வாழ்ந்தோர் வேறிடம் சென்று குடியேறினர். அதே நீரின்கீழ் இம்மீனின் வாசத்தலத்தில் ஒரு பெரும்பங்கும் மறைந்தது. அதற்கு வேறிடம் கொடுத்தாரில்லை. இன்று அது அழிவை நோக்கும் இனங்களின் பட்டியலில் உள்ளது.

மூழ்கிய பகுதி இவ்வாறிருக்க, வறண்ட பகுதி இன்னொன்று. மின்சாரம் ஆக்குவதற்கு நீர் உயரத்திலிருந்து விழவேண்டும். அதற்காக அணையிலிருந்து மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டி, கீழே நெடுந்தூரத்திலுள்ள மின்நிலையத்துக்கு நீரைக் கொண்டுசெல்கிறார்கள். விக்டோரியாவில் அச்சுரங்கம் ஏறக்குறைய 6 கிலோமீற்றர். அணைக்கும் மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட பழைய ஆற்றுப்படுகைக்கு மிஞ்சுவது கசிவுநீரும் சிற்றோடை நீரும் வான் பாயும் நாட்களில் வரும் நீருமே. வரைபடத்தில் அதுவும் மகாவலி என்றே எழுதப்பட்டிருக்கும்!

தலவாக்கலையில் 2012 இல் இயங்கத்தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்திலே வேடிக்கையான ஒரு செய்தி உண்டு. சென் கிளேயர் நீர்வீழ்ச்சி வற்றிப்போகும் என்று மக்கள் முறையிட்டார்கள். வீழ்ச்சியின் அழகு கெடாதபடி பகல் வேளையில் நீர் விடுவதாக ஏற்பாடாயிற்று. பார்க்க வருவோர் பகலில்தானே வருவர்! இரவில் அப்பாறைகளுக்கிடையே இருக்கும் உயிர்களுக்காக முறையிட எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. எனினும் இதிலே நாம் கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு. கேட்டால் நீர் விடுவார்கள். கேட்கவேண்டியதை அறிந்து கேட்கவேண்டும்.

"நீர்த்தேக்கங்களில் மீன் நிறைய உண்டே, பின் என்ன குறை?" என்று நம் இளைஞர் ஒருவர் முன்னரே கேட்டார். நல்ல கேள்வி. அந்த மீன் பெரும்பாலும் திலாப்பியா. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மொசாம்பிக் திலாப்பியா 1952 இல் இங்கு கொண்டுவரப்பட்டது. அது ஏன் இவ்வளவு செழித்தது என்பதற்கு விஞ்ஞானிகள் கூறும் காரணம் சிந்திக்கத்தக்கது. இலங்கையிலே ஆற்றோரத் தாழ்நிலங்களிலுள்ள வில்லுகளைத் தவிர இயற்கையான ஏரிகள் இல்லை. ஆகவே நம் சுதேச மீன்கள் யாவும் ஆற்றிலும் ஓடையிலும் சதுப்பிலும் வாழப் பழகியவை; பரந்து ஆழ்ந்த தேங்கு நீரில் வாழப் பழகிய மீன் நம்மிடம் இருந்ததில்லை. மனிதர் ஏரிகளைச் செய்தபோது நடுநீர் வெறுமையாய்க் கிடந்தது. அந்த வெற்றிடத்திலே திலாப்பியா குடியேறியது. ஏழை வீட்டுக் கறிச்சட்டிக்கு அது செய்த உதவி பெரிது. அதனை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் வலையிலே மீன் விழுவதைக் கண்டு, ஆறு நலமாயிருக்கிறது என்று முடிவுசெய்வது, வீட்டிலே வாடகைக்கு ஆளிருப்பதைக் கண்டு சொந்தக்காரர் சுகமாயிருக்கிறார் என்பது போன்றது.

இனி விலாங்கு. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று பழமொழியிற் பெயர்கெட்ட பிராணி இது. உண்மையில் ஆற்றையும் கடலையும் இணைக்கும் பெரும் பிரயாணி. ஆழ்கடலிலே பிறந்து, கண்ணாடிபோன்ற குஞ்சாகக் கரைசேர்ந்து, கழிமுகத்தால் நுழைந்து, ஆற்றோடு மேலேறி, பல ஆண்டு நன்னீரில் வளர்ந்து, முட்டையிடும் பருவத்திலே மீண்டும் கடலுக்கு இறங்கும். சென்றது திரும்புவதில்லை. மகாவலி கடல் சேரும் கொட்டியாரக்குடாவிலிருந்து மலைநாடு வரை இந்த வழி ஒருகாலத்தில் திறந்திருந்தது. குஞ்சு விலாங்கு நனைந்த பாறையிலும் பாசிபடிந்த சுவரிலும் நெளிந்தேறவல்லது. ஆகையாற் சிற்றணைகளை ஒருவாறு கடந்துவிடும். பேரணையைக் கடத்தல் அரிது. மேலே முன்னரே சேர்ந்துவிட்ட பெரிய விலாங்குக்கு ஆபத்து இறங்கும்போது வருகிறது. நீரோடு சேர்ந்து சுரங்கத்துட் புகுந்தால் முடிவில் இருப்பது சுழலி. நீண்ட உடல் கொண்ட மீனுக்குச் சுழலியின் அலகு எத்தகையது என்பதை விவரிக்கவேண்டியதில்லை.

மீனுக்கென அணையிலே வழி அமைக்கலாமே என்ற எண்ணம் இவ்விடத்தில் எழும். அமைக்கலாம், ஆனால் எந்த மீனுக்கு என்று அறிந்து அமைக்கவேண்டும். இதனை நன்கு கற்றுக்கொண்டவர்கள் அவுஸ்திரேலியர். அவர்களுடைய மறே ஆற்றை உதாரணமாக எடுப்பதற்குக் காரணம், அங்கே நேர்ந்த தவறும் பின்வந்த திருத்தமும் இரண்டுமே அளந்து எழுதப்பட்டிருப்பதே.

மறே ஆற்றிலே ஹியூம் அணை 1936 இல் நிறைவுற்றது. அதன் கீழே, படகுப் போக்குவரத்துக்கும் நீர்ப்பாசனத்துக்குமாகத் தாழ்ந்த அணைகள் வரிசையாக எழுந்தன. பெரும்பாலானவை ஏறக்குறைய மூன்று மீற்றர் உயரத்தவை. மீன்கள் மேலேறுவதற்கென்று 1930 களில் அவற்றுட் சிலவற்றிலே படிவழியும் அமைத்தார்கள். வடவுலகத்துச் சால்மன் மீனுக்கு வகுத்த மாதிரியைப் பார்த்து அமைத்த வழி அது. சால்மன் பாயும், துள்ளும். மறே ஆற்றின் மீன்களோ துள்ளிப் படியேறுவன அல்ல. படிகள் செங்குத்தாயும் நீர் மிக வேகமாயும் இருந்தபடியால் அவை அடியிலேயே கூடி நின்றன. அரை நூற்றாண்டுக்குமேல் இப்படிச் சென்றது. 1991 இல் டொரம்பரி அணையிலே, உள்ளூர் மீனின் நீந்தும் வலிமையை முதலில் அளந்து, செங்குத்தான பிளவுகளினூடே நீர் மெல்லத் தணிந்து செல்லும்படி புதியவழி அமைத்தார்கள். மீன்கள் ஏறின. 2001 முதல் பத்தாண்டுக்கு மேலாக உழைத்து, கடலிலிருந்து ஹியூம் அணைவரை இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஆற்றிலே அணைகள்தோறும் அவ்வாறான வழிகளை இட்டார்கள்.

வழி திறந்ததும் மீன் பெருகியதா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. மறே கொட் என்னும் மீன் நூறு கிலோவுக்கு மேற் பாரமாக வளரக்கூடியது. வசந்தகாலத்தில் நீர் 15 பாகை செல்சியஸைக் கடந்து சூடேறிய பின்னரே அது முட்டையிடும். உயர்ந்த அணைகளிலே மதகு அடியில் இருக்கிறது. அடிநீர் வெயில் காணாத குளிர்நீர். வெளியே வசந்தம் வந்திருந்தாலும் மதகு வழியாக வருவது மாரிக்குளிர். மித்தா மித்தா என்னும் கிளையாற்றிலே 1979 இல் நிறைவுற்ற டார்ட்மவுத் அணையின் உயரம் 180 மீற்றர். அதன்கீழே மறே கொட் இல்லாமற் போயிற்று. நீர் இருந்தது, தெளிவாகவும் இருந்தது. பருவம் மாத்திரம் வரவில்லை. அங்குள்ள வேறு சில மீன்களின் முட்டைகள் ஓடும் நீரிலே நாட்கணக்காக மிதந்து செல்லவேண்டியவை. அணை தேக்கிய அசையா நீரில் அவை அடியிற் படிந்து அழிகின்றன. போதாக்குறைக்கு, இயற்கையிலே மாரியிலும் வசந்தத்திலும் பெருகிக் கோடையிற் சுருங்கிய ஆற்றை, பயிருக்கு வேண்டிய கோடையிற் பெருகி மாரியிற் சுருங்குமாறு தலைகீழாக்கினார்கள். மறே–டார்லிங் வடிநிலத்தின் சுதேச மீன்கள் வெள்ளையர் குடியேறுமுன் இருந்த அளவிலே ஏறக்குறைய பத்திலொரு பங்காகக் குறைந்துவிட்டன என்று 2003 இல் அந்நாட்டவரே மதிப்பிட்டார்கள். அணை மாத்திரம் காரணமன்று. வலையும் பிறநாட்டுக் கெண்டையும் காரணம். அணை முதற்காரணங்களுள் ஒன்று.

நம் வெப்பநாட்டிலே அடிநீரின் குளிர் அவ்வளவு கொடுமை செய்யாது. ஆழ்நீரில் ஒட்சிசன் குன்றுவதும், பருவவெள்ளம் மட்டம் தட்டப்படுவதுமே நாம் அஞ்சவேண்டியவை. பின்னதற்கு நம் கண்முன்னே சாட்சியாக இருப்பவை மன்னம்பிட்டிக்குக் கீழேயுள்ள வில்லுகள். வில்பத்துக்குப் பெயர் கொடுத்த வில்லுகளை நீங்கள் அறிவீர்கள். அவை மழையை நம்பியவை. மகாவலியின் வில்லுகள் ஆற்றை நம்பியவை. மார்கழி, தையிலே ஆறு கரைமீறும்போது வில்லுகள் நிறையும். புல் மூடிய அந்த மெல்லிய நீரே மீனின் பிள்ளைத்தொட்டில். விராலும் கெளுத்தியும் பனையேறியும் ஆரலும் அங்கே ஏறிப் பெருகும். வெள்ளம் வடியும்போது ஒரு பங்கு ஆற்றுக்கு இறங்கும், ஒரு பங்கு கொக்குக்கும் மனிதனுக்கும் இரையாகும். கோடையிற் பச்சைப்புல் யானைக்கும் மாட்டுக்கும் ஆகும். 1984 இல் அவ்விடத்தின் ஒரு பாகம் வெள்ளச்சமவெளித் தேசிய வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டே விக்டோரியா அணை திறப்புவிழாக் கண்டது! வெள்ளத்தின் பெயரால் ஒரு வனத்தை அமைத்துவிட்டு, அதற்கு நீரூட்டும் வெள்ளத்தை மேலே மறித்தோம்.

வெள்ளம் வேண்டும் என்று சொல்வது இச்சபையிலே எளிதன்று. 1957 ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்தைக் கண்ட மூத்தோர் இங்கே இருக்கிறார்கள். வீடிழந்தவரிடம் மீன்குஞ்சின் தேவையைச் சொன்னால் அவர் கோபிப்பது நியாயம். நாம் கேட்பது ஊரை மூடும் வெள்ளமன்று. வில்லை நிறைக்கும் வெள்ளம், உரிய மாதத்தில், முன்னறிவித்தலோடு சில நாட்களுக்கு. மதகு கையில் இருக்கும்போது இது செய்ய ஒண்ணாத காரியமன்று. அணைக்கும் மின்நிலையத்துக்கும் இடையிலுள்ள படுகையிலே இரவும் பகலும் சிறிது நீர் ஓடவிடுவதும் ஒண்ணாததன்று. 122 மீற்றர் அணைக்கு மீன்வழி கேட்பது வீண்பேச்சு; ஆனால் மூன்று நான்கு மீற்றர் உயரமான அணைகளைப் புதுப்பிக்கும் வேளையில், நம் விலாங்கும் கெண்டையும் ஏறத்தக்க சாய்வு எது என்று முதலில் அளந்து வழிவிடுமாறு கேட்பது வீண்பேச்சன்று.

ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். கேட்பதற்கு நமக்கு வாய் இருந்தும் கையில் விபரம் இல்லை. மகாவலியின் கிளையாகிய அம்பன் கங்கைத் தொகுதியிலே, நக்கிள்ஸ் மலைச்சாரலில் மட்டுமே வாழும் சிறுமீன் ஒன்றை 1985 இலும் இன்னொன்றை 1991 இலும்தான் விஞ்ஞானிகள் முதன்முதலாக விவரித்துப் பெயரிட்டார்கள். மகாவலியின் பேரணைகள் எழுந்துகொண்டிருந்த அதே காலம் அது! பெயரே இல்லாத மீனுக்காக எந்த அலுவலகத்தில் மனுக்கொடுப்பது? பின்னர் அம்பன் கங்கையிலேயே மொறகஹகந்த அணை 2018 இல் இயங்கத் தொடங்கியது.

மேலாற்றின் மீன்களை அறிஞர் பார்த்துக்கொள்ளட்டும். கீழாற்றின் மீன்களுக்கு நம்மவர் வைத்த பெயர்கள் உண்டு. வெருகல் ஆறு பிரியுமிடத்திலிருந்து கொட்டியாரக்குடா வரை, தோணி விட்டவரும் அத்தாங்கு இட்டவரும் தூண்டில் போட்டவரும் நம்மிடையே இருக்கிறார்கள். சென்ற மாதம் அவர்களுள் இருவரிடம் நாம் கேட்டு எழுதியபோது, ஒரு மாலைப்பொழுதிலே பத்தொன்பது மீன்பெயர்கள் வந்தன. அப்பெயர்களை நம் இளைஞர்முன் வாசித்தோம். அவற்றுள் ஐந்தை எவரும் கண்டதில்லை, மூன்றை எவரும் கேட்டதுமில்லை. அம்மூன்றும் ஆற்றிலே இல்லாமற் போயினவா, நம் பேச்சிலே இல்லாமற் போயினவா என்பது இன்னும் தெரியவில்லை. அந்தப் பெரியவர்களில் ஒருவர், எந்த மீன் எந்த மாதத்தில் வில்லுக்கு ஏறும் என்பதை விரல்மடித்துச் சொன்னார். மதகை எப்போது திறக்கவேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல அட்டவணை வேறு உண்டோ?

அக்கொப்பி இன்று வாயிலருகே மேசைமேல் வைக்கப்பட்டிருக்கிறது. மீனின் பெயர், கண்ட இடம், கண்ட மாதம், கடைசியாகக் கண்ட ஆண்டு என நான்கு நிரல்கள் வரைந்துள்ளோம். பெரியோர்கள் தேநீருக்குச் செல்லுமுன் தாம் அறிந்ததைச் சொன்னாற் போதும்; எழுதுவதற்கு இளைஞர் இருவர் அங்கே இருப்பர்.